அவன் கதையில் நான் இறக்கிவிட்ட ஆள்

செகந்திராபாத் லால்பஜார் வரும்போது இடது செருப்பின் வார் அறுந்தது. லோத்குண்டாவிலிருந்து அதுவரை நான் திரும்பிப் பார்க்காமல் நடந்திருந்தேன். பின்னால் மோட்டார் சைக்கிள் ஏதாவது வேகம் குறைத்து வருகிறதா என்று காது மட்டும் கவனித்துக்கொண்டிருந்தது. வரவில்லை. செருப்பு இரண்டையும் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பையில் ஏற்கெனவே ஒரு நோட்டுப் புத்தகமும் துண்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தில் மிச்சமிருந்த இரண்டு பழங்களும் இருந்தன. மணி ஒன்றரை இருக்கும். பட்டாளத்துக்காரர்களின் நீளமான மதில் சுவர் ஓரமாக ஒரு கோடு நிழல் கிடந்தது. அதிலேயே கால் வைத்து நடந்தேன்.

மௌலா அலியில் என் அறை. பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் பஸ்ஸுக்கு நின்றால் கூட்டத்திலிருந்து கலைந்து வருகிற யாராவது பக்கத்தில் வந்து நின்று அந்தக் கதையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். எந்தக் கதையை? அவன் பெயரில் ஜெயித்த கதையை. அதில் எந்த இடத்தை? நான் போட்ட இடத்தை. அதைக் கேட்டுக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்ட எனக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை.

முறையாகச் சொல்கிறேன்.

லோத்குண்டாவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் மாதத்துக்கொரு ஞாயிறு காலை தமிழ்க் கதை வாசிப்பு நடக்கும். முப்பது பேர் வருவார்கள். பாதிப் பேர் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்து ஊன்றிவிட்ட குடும்பங்கள். மீதிப் பேர் கம்ப்யூட்டர் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள். என்னை அங்கே கூட்டிப்போனவர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர். நான் மாவாட்டிக்கொண்டிருந்த டிபன் கடைக்கு அவர் இட்லி சாப்பிட வருவார். பார்சல் கட்டுகிற பழைய தமிழ்ப் பேப்பரை நான் கட்டுவதற்கு முன்னால் படித்துவிடுவதைப் பார்த்துவிட்டு, உனக்கு ஏற்ற இடம் ஒன்று இருக்கிறது என்றார்.

எட்டாம் வகுப்போடு நான் ஊரைவிட்டு லாரி ஏறியவன். க்ளீனராக நாகபுரி வரைக்கும் போய் வந்திருக்கிறேன். ஒரு தடவை டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டு ஹைதராபாத்தில் இறங்கினேன், அவ்வளவுதான் இந்த ஊருக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம். கட்டடம், குடோன், டிபன் கடை என்று மாறி மாறி வேலை பார்த்தேன். எங்கே போனாலும் கூட வந்தது தமிழ் எழுத்து ஒன்றுதான். அதில்தான் எனக்குக் கர்வம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதினவர் தன் கதையைத் தானே படிக்கக்கூடாது. இன்னொருவர் படிப்பார். எழுதினவர் கூட்டம் முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது, படிப்பவர் தப்பாகப் படித்தாலும்கூட. இதற்குக் காரணம் இருந்தது. கதைகள் பல வேஷத்தில் வரும். சிலர் தமிழில் எழுதுவார்கள். சிலர் போனில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே படித்த சிலர் தெலுங்கு எழுத்தில் தமிழ் எழுதுவார்கள். கூட்டத்தை நடத்துகிற அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் தன் போனைப் படிப்பவர் முன்னால் வைத்துப் பதிவு செய்துகொள்வார். வீட்டுக்குப் போய் அதைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் அடிப்பார். ஆண்டு மலரில் அச்சாவது அதுதான். தாளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

“மூணு விதமான எழுத்த வச்சுக்கிட்டு நான் எங்க மல்லுக்கட்டுறது? காதுல கேக்குறத அடிக்கிறதுதான் சுலபம்,” என்பார் அக்கா.

அதனால் படிப்பவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது. எனக்குத் தெரிந்து அதை யாரும் மீறியதில்லை.

ஜெயித்த கதையை எழுதின அவன் ராமச்சந்திராபுரத்தில் பெரிய பாக்டரியில் வேலை பார்ப்பவன். அங்கேயே டவுன்ஷிப்பில் வீடு. என்னைவிட ஆறேழு வயது சின்னவன். அவனுடைய கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்குச் சமைத்துப்போட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவராம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, தெருவில் உருது. தமிழில் ஒரு எழுத்துகூட அவனுக்குத் தெரியாது. ‘அ’ எழுதிக் காட்டினால் படம் பார்ப்பதுபோலப் பார்ப்பான். அவன் கதைகள் எல்லாம் தெலுங்கு எழுத்தில் இருக்கும்.

தெலுங்கு எழுத்து அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அதில் எழுதின தமிழைத் தடுக்காமல் படிக்க ஒருவருக்கும் வரவில்லை. முதல் தடவை ஒரு அம்மாள் படித்துப் பார்த்துவிட்டு ஒரு பக்கத்திலேயே கையை விரித்துவிட்டார். நான் பஸ் போர்டுகளையும் கடைப் பலகைகளையும் பார்த்துத் தெலுங்கு கற்றவன். வாங்கிப் படித்தேன். தண்ணீர் மாதிரி வந்தது. அன்றிலிருந்து அவன் கதைக்கு நான்தான் வாய் என்று ஆகிவிட்டது. ஆறு கதை படித்தேன். ஒவ்வொரு தடவையும் படித்து முடித்ததும் எல்லாரும் எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். என் பக்கம் திரும்பி, நல்லா படிச்சீங்க என்பார்கள். டீ கொண்டுவந்து வைத்தவனிடம் சொல்கிற மாதிரி.

அவனுடைய மோட்டார் சைக்கிளோ கம்பெனி வீடோ எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. அப்படிப்பட்டவர்களின் வீடுகளுக்குச் செங்கல் சுமந்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. உறுத்தியது வேறு. ஷிப்ட் தாள்களின் பின்பக்கத்தில், பால்பாயிண்ட் பேனாவில், கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவன் எழுதுவான். அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளிலும் தேடுவேன். ஆறு கதையிலும் சேர்த்து நாலைந்து இடம் இருந்திருந்தால் அதிகம். நான் ஒரு பக்கம் எழுத மூன்று பக்கம் கிழிப்பவன். எழுத்தே தெரியாதவனுக்குக் கதை தெரிந்திருந்தது. எழுத்து மட்டும் தெரிந்தவன் நான்.

அந்த வருஷம் அக்கா மலருக்குப் புது ஏற்பாடு ஒன்று சொன்னார். மாமியார் மருமகள் கதை, வேலைக்குப் போகிற பெண் கதை எல்லாம் படித்துச் சலித்துவிட்டது. இந்தத் தடவை சாகசக் கதை ஒன்றே ஒன்றுதான் மலரில் வரும். அதில் சரித்திரமும் மாயமும் விஞ்ஞானமும் மூன்றும் கலந்திருக்க வேண்டும். எது என்பதை அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தவர்கள் முடிவு செய்வார்கள்.

என் பெயர் அதுவரை எதிலும் அச்சானதில்லை. ரேஷன் கார்டிலும் இல்லை. அந்த ஒரு கதை என்னுடையதாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்று மாதம் எழுதினேன். மாவாட்டி முடித்துக் கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மத்தியானம் கடையின் பின்கட்டில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுவேன். ஒரு பாண்டிய ஒற்றன். அவனுக்கு ஒரு சித்தர் மூலிகை கொடுக்கிறார். அவன் செம்பால் ஒரு பறவை செய்து அதில் ஏறி நிலாவுக்குப் போகிறான். அங்கே மூன்று தலை இயந்திர அரக்கர்கள். போர். நோட்டுப் புத்தகம் முழுதும் வந்தது. நான் பார்த்திராத எல்லாம் அதில் இருந்தது. கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அதிகம், லீவு கிடையாது என்றார் முதலாளி. என் கதையைப் படிக்கிறார்கள் என்றேன். அப்படியானால் போய்க் கேள், திங்கட்கிழமை வராதே என்றார். சரி என்று துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலை போவது எனக்குப் புதிதில்லை.

என் கதையை முதலில் படித்தார்கள். படித்தது கோயம்புத்தூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண். நன்றாகப் படித்தது. பழியைப் படித்தவர் மேல் போட வழியில்லை. எட்டாவது பக்கத்தில் ரயில்வே கார்டுக்குத் தலை தொங்கியது. ஒற்றன் இரண்டாம் தலையை வெட்டும்போது யாரோ டீ வந்துவிட்டதா என்று மெதுவாகக் கேட்டார்கள். மூன்றாம் தலை விழும் நேரத்தில் ஒரு போன் அடித்தது. அந்தப் பெண் அது அடித்து ஓயும்வரை பொறுத்திருந்து அரக்கனைக் கொன்றது. கை தட்டினார்கள். மரியாதைக்கு எவ்வளவு தட்ட வேண்டுமோ அவ்வளவு.

பிறகு அவன் கதை. நாலரைப் பக்கம்தான். என் கையில் கொடுத்தார்கள். அக்கா போனை எனக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். படிக்க ஆரம்பித்தேன்.

ஒரு பாக்டரியில் டர்பைனின் சுழல் தண்டைச் சுற்றவிட்டு அது நடுங்குகிறதா என்று பார்க்கும் ஆழமான குழி. ஒரு தொழிலாளி அதற்குள் இறங்குகிறான். தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வரும்போது குழியின் எதிர்ச் சுவர் இல்லாமல் போகிறது. அங்கே கோல்கொண்டா சுல்தான் காலத்துப் பீரங்கி வார்ப்பவன் ஒருவன் தன் வார்ப்புக் குழிக்குள் நிற்கிறான், கையெல்லாம் மெழுகும் களிமண்ணும். இரண்டு பேருக்கும் ஒரே கவலை. இரும்பிலோ வெண்கலத்திலோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கேயாவது இருக்கிறதா? பீரங்கிக்காரன் ஒரு உளியால் தட்டிக் கேட்கிறான். இவன் ஒரு கருவியை ஒட்டவைத்துப் பார்க்கிறான். இரண்டு பேரும் கருவியை மாற்றிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான். போர் இல்லை, தலை விழவில்லை. ‘குழிக்குள் இறங்கினவனுக்குச் சத்தம் முதலில் பல்லில் கேட்கும், அப்புறம்தான் காதில்’ என்று ஒரு வரி வந்தது. இதெல்லாம் அலங்காரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வேண்டுமென்றே அந்த வரியை வேகமாகப் படித்துக் கடந்தேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். கார்டு விழித்திருந்தார். நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். டீ வந்து வாசலில் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எழவில்லை. என்னை இந்த இடத்துக்குக் கூட்டிவந்த மனுஷர், என் கதையில் தூங்கினவர், இவனுடைய குழிக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்திருந்தார்.

அங்கேதான் எனக்குள் என்னவோ கெட்டது.

இன்னும் ஒரு பக்கமும் கொஞ்சமும் மீதி. சங்கு ஊதுகிறது, இரண்டு பேரும் அவரவர் ஏணியில் ஏறிப் போகிறார்கள், இவன் கம்பெனி பஸ்ஸைத் தவறவிடுகிறான், கையில் அந்த உளி இருக்கிறது என்பது முடிவு. கண் முன்னால் எழுத்தாக இருந்தது. நான் அதைப் படிக்கவில்லை. இந்தக் கதையைக் கோமாளித்தனமாக்கிக் கெடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். தாளையே பார்த்தபடி, அப்போது ஏணியில் மூன்றாவதாக ஒரு ஆள் இறங்கினான் என்றேன். தலையில் மண் அள்ளுகிற இரும்புச் சட்டி. சட்டை தோளில் கிழிந்திருந்தது. செருப்பில்லை.

பீரங்கிக்காரன், நீ எந்த சுல்தானுடைய ஆள் என்று கேட்கிறான். பாக்டரிக்காரன், நீ எந்த ஷிப்ட் என்று கேட்கிறான்.

“எங்க வேலை இருக்கோ அந்தக் காலத்து ஆளு சாமி நான்,” என்றேன், அந்த ஆளின் குரலில்.

சிரித்தார்கள். நான் எதிர்பார்த்த சிரிப்புதான். கதை சாய்ந்துவிட்டது என்று தைரியம் வந்தது. இன்னும் தள்ளிவிடலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். கோட்டைக்குக் கல் சுமந்தது நான்தான் என்கிறான் அவன். இந்தப் பாக்டரிக்கு அஸ்திவாரம் வெட்டும்போதும் இதே சட்டிதான். நாளைக்கு நிலாவில் வீடு கட்டினாலும் அங்கேயும் மண் அள்ள ஒருத்தன் வேண்டும், அன்றைக்கும் காலையில் வந்து நிற்பேன்.

சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை.

“எல்லாக் காலத்துலயும் கட்டினவன் பேரை எழுதி வச்சிருக்காங்க. சோறு திங்க நிழல் எங்க இருக்குன்னு மட்டும் எவனும் எழுதி வைக்கல,” என்றேன்.

பிறகு அந்த ஆள் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கிறான். இரண்டு பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். இரண்டு ஏணியிலும் ஏறவில்லை. எந்த வழியாகப் போனான் என்று மற்ற இரண்டு பேரும் பார்க்கவில்லை, அவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படி முடித்தேன். நடுவில் சரியான நேரம் பார்த்துத் தாளைத் திருப்பவும் மறக்கவில்லை.

நிமிர்ந்தபோது கதை எழுதினவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கக் கூடாதல்லவா? பிறகு தரையைப் பார்த்தான். கார்டு முதலில் கை தட்டினார். அதற்கப்புறம் எல்லாரும் தட்டினார்கள்.

இன்னும் இரண்டு கதை படித்தார்கள். காதில் விழவில்லை. கடைசியில் ஆளுக்கொரு வேர்க்கடலை கொடுத்தார்கள், தோலோடு. பிடித்த கதையின் தலைப்பு ஒட்டின டம்ளரில் அதைப் போட வேண்டும். கார்டு ஞாபகமில்லாமல் தன் கடலையை உரித்துத் தின்றுவிட்டார். தோலைப் போட்டால் செல்லுமா என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம். செல்லும் என்றார் அக்கா. கார்டு அந்தத் தோலைக் கொண்டுவந்து என் டம்ளரில் போட்டார். என்னைக் கூட்டிவந்தவர் என்ற முறைக்கு. என் டம்ளரில் இரண்டு கடலையும் ஒரு தோலும். அவன் டம்ளர் நிறைந்து ஒன்றிரண்டு மேஜைமேல் கிடந்தன.

செருப்பு விட்ட இடத்தில் வந்து என்னைப் பிடித்தான்.

“அண்ணா, அந்தச் சட்டிக்காரன் நான் எழுதல.”

எந்தச் சட்டிக்காரன் என்று கேட்டேன். கேட்கும்போதே என் முகத்தில் பொய் தெரிவது எனக்கே தெரிந்தது.

“கைக்கு அண்ணா?”

ஏன் என்பதை அவன் அப்படித்தான் கேட்பான், உருதில். கடைசித் தாளில் மை அழிந்திருந்தது, சமாளிப்பதற்காக ஏதோ சொன்னேன் என்றேன். அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். எடுத்து விரித்துக் காட்டினான். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

“ஜூட் நக்கோ அண்ணா. பொய் எதுக்கு? என் முடிவவிட உங்களுது நல்லா இருக்கு. சச்சி சொல்றேன், எனக்கு வயிறு எரியுது,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

ஒன்றரை வருஷமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சொல். அவனுக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சிரித்துக்கொண்டே வெளியில் போட்டுவிட்டான். அப்படிப் போட முடிந்ததற்கும் சேர்த்து எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.

அக்காவிடம் சொல்லிவிடலாம், மலரில் இரண்டு பேர் பெயரையும் போடலாம் என்றான்.

“போடலாமா? ஹவ்வா, நக்கோவா?”

“நக்கோ, வேணாம்,” என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

அப்படித்தான் லால்பஜாருக்கு வந்து சேர்ந்தேன்.

அம்முகூடா ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு குழாயில் தண்ணீர் குடித்தேன். ஒரு வாழைப்பழம் தின்றேன். தார் ரோட்டில் வெறுங்காலோடு நடப்பதற்கு ஒரு வித்தை இருக்கிறது. வெள்ளைக் கோட்டின்மேல் நடக்க வேண்டும், அது அவ்வளவாகச் சுடாது. நடந்துகொண்டே அந்தச் சட்டிக்காரனை நினைத்துப் பார்த்தேன். மூன்று மாதம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து நான் தேடியது அவனை அல்ல. ஒற்றனுக்கு வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன், பறவைக்குச் செம்புத் தகடு அடித்தேன், ஒரு பக்கத்திலும் உயிர் வரவில்லை. இன்னொருவன் கதையைக் கெடுக்கப் போனபோது ஐந்து நிமிஷத்தில் வந்து நின்றான். கிழிந்த சட்டையோடு, என் சட்டியோடு.

நேரேட்மெட் சந்திப்பில் போன் அடித்தது. அக்கா.

அவன் அக்காவிடம் சொல்லிவிட்டிருந்தான். அக்கா சுற்றி வளைக்காதவர்.

“பதிவ இப்பதான் கேட்டேன். கடைசில ஒரு ஆளு வர்றானே, அவன் யாரோட ஆளு? உங்களோடதுன்னா சொல்லிடுங்க, உங்க பேரையும் சேத்துப் போட்டுடறேன். ஆனா படிக்கறவங்க எதையும் கூட்டக்கூடாதுன்னு இருக்கில்ல? கூட்டத்துல எல்லார்கிட்டயும் நடந்தத சொல்லித்தான் ஆகணும். அப்புறம் படிக்க உங்களக் கூப்பிட முடியாது.”

ராத்திரிக்குள் அடித்து முடித்து நாளைக்கு அச்சுக்குக் கொடுக்கவேண்டும், அதனால் இப்போதே தெரிய வேண்டும் என்றார்.

நான் ஒரு பஞ்சர் கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் பெயர் அச்சாகும். பக்கத்தில் அவன் பெயரும் இருக்கும். கதையைக் கெடுக்கப் போனவன் என்று முப்பது பேருக்கும் தெரியும். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை, அதைவிட மோசமான பெயரெல்லாம் வாங்கியிருக்கிறேன். என் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயர் என்பதுதான் என்னைத் தடுத்தது. அதுவும் அவன் இடம் விட்டுக் கொடுத்ததால்.

அப்போது இன்னொன்றும் தோன்றியது. இல்லை என்று சொன்னால் அந்த ஆள் அவன் கதைக்குள்ளேயே இருந்துவிடுவான். பார்க்கிறவர்கள் எல்லாம் அந்தச் சட்டிக்காரனைச் சொல்லித்தான் அவனைப் பாராட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் குத்தும். வாழ்நாள் முழுதும் குத்தட்டும்.

“தாள்ல இருந்ததத்தான் படிச்சேன்க்கா,” என்றேன்.

“அவர் வேற மாதிரி சொல்றாரே?”

“அவரு அடக்கமானவருக்கா. அப்படித்தான் சொல்லுவாரு.”

அக்கா நம்பவில்லை. அடக்கமானவரா என்று திருப்பிக் கேட்டார். பிறகு, சரிங்க, அப்ப அவர் பேர்லயே போட்டுடறேன் என்று வைத்துவிட்டார்.

மல்காஜ்கிரி ரயில்வே லைன் வரைக்கும் ஜெயித்த மாதிரி நடந்தேன். கேட் மூடியிருந்தது. கூட்டத்தோடு நின்று, கூட்ஸ் வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த ஜெயிப்பு வடிந்துவிட்டது. அவனுக்குக் குத்தும்தான். ஒரு வாரம் குத்தும், அப்புறம் அடுத்த கதையைக் கம்பெனி பஸ்ஸில் எழுத ஆரம்பித்துவிடுவான். அவனிடம் குழி இருக்கிறது, தண்டு இருக்கிறது, இன்னும் எத்தனையோ இருக்கும். என்னிடம் இருந்தவன் ஒரே ஒருத்தன். அவனைத்தான் நான் கூட்டிக்கொண்டுபோய் இன்னொருவன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

கேட் திறந்ததும் எல்லாரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போனார்கள். நானும் போனேன்.

அறையில் கூட இருப்பவர்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தார்கள். காலைக் கழுவினேன். குதிகாலில் இரண்டு இடத்தில் கொப்புளம். ஊசியைச் சூடுபண்ணிக் குத்தித் துணி சுற்றினேன். அக்காவுக்குப் போன் போட்டு மாற்றிச் சொல்லலாமா என்று இருட்டும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடியற்காலை எழுந்து, அறுந்த வாரைக் கம்பியால் கட்டிக்கொண்டு, கூலி ஆட்கள் நிற்கிற முனைக்குப் போனேன். இந்த ஊரில் அதை அட்டா என்பார்கள். கையில் மண்வெட்டி, கொத்துக்கரண்டி, பெயிண்ட் பிரஷ் என்று அவரவர் தொழில் தெரியும்படி நிற்பார்கள். என் கையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதவர்களைச் சுமக்கவும் அள்ளவும் கூப்பிடுவார்கள்.

ஒரு மேஸ்திரி டெம்போவோடு வந்தார். ஆறு பேர் வேண்டும், ராமச்சந்திராபுரம், ஒரு வாரம் வேலை என்றார். தூரமாயிற்றே என்று இரண்டு பேர் விலகினார்கள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் நானும் ஒரு அடி பின்னால் வைத்தேன். மேஸ்திரி என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், இதற்கு முன்னால் என்ன வேலை என்று தெலுங்கில் கேட்டார். வரிசையாகச் சொன்னேன். லாரி, கட்டடம், குடோன், மாவு. எதிலும் நிலையாக இருக்க மாட்டாய் போலிருக்கிறதே என்றார். வேலை இருக்கிற இடத்தில் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், நேற்று எங்கே இதைச் சொன்னேன் என்பது உறைத்தது. டெம்போவில் ஏறிக்கொண்டேன்.

ஊரைக் குறுக்காகக் கடந்து போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கம்பெனி பஸ்கள் வரிசையாக எங்களைத் தாண்டிப் போயின. ஒவ்வொன்றிலும் ஜன்னல் ஓரம் பார்த்துக்கொண்டே வந்தேன், யாராவது மடியில் தாள் வைத்து எழுதுகிறார்களா என்று. இறங்கின இடம் பெரிய பாக்டரி இல்லை. அதற்கு வெளியே, தகரக் கொட்டகை போட்ட சின்ன பட்டறை. பழைய பெரிய மெஷின் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அது நின்ற குழி மட்டும் திறந்து கிடந்தது. இரண்டு ஆள் ஆழம். அடியில் எண்ணெயும் இரும்புச் சுருளும் சேறும் பல வருஷமாகப் படிந்திருந்தன. அதை அள்ளி மேலே கொடுக்க வேண்டும். ஏணியில் முதலில் யார் இறங்குவது என்று கேட்டார்கள். நான் இறங்கினேன்.

முழங்கால்வரை சேறு. அண்ணாந்து பார்த்தால் தகரக் கூரையின் ஓட்டை வழியாக ஒரு துண்டு வெளிச்சம். அடுத்த கொட்டகையில் ஏதோ மெஷினைப் போட்டார்கள்.

அது முதலில் பல்லில் கேட்டது. அப்புறம்தான் காதில்.

வாயைத் திறந்து மூடிப் பார்த்தேன். பல்லில்தான். அலங்காரம் என்று நான் வேகமாகப் படித்துத் தள்ளின வரி. அவன் இறங்கிப் பார்த்து எழுதியிருக்கிறான். அந்தக் குழிக்குள் நின்றுகொண்டு, சேறு காலைப் பிடித்திருக்க, எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது, நேற்றைவிட அதிகமாக.

மேலேயிருந்து கயிற்றில் கட்டி ஒரு இரும்புச் சட்டியை இறக்கினார்கள். வாங்கி, அவிழ்த்து, அள்ள ஆரம்பித்தேன்.